குறைமாதக் குழந்தையின் கண்: ஒரு முறை பார்த்தது போதாது

கேள்வி:

தலைஞாயிறு பக்கம் கடைமடைக் கிராமம் எங்களுடையது. என் அக்காவுக்கு முப்பதாவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. ஆண் குழந்தை, 1,300 கிராம். தஞ்சாவூரில் 35 நாள் பெட்டியில் வைத்திருந்தார்கள். முதல் பத்து நாள் ஆக்சிஜன், ஒரு முறை இரத்தம், நீல விளக்கு எல்லாம் வைத்தார்கள். 28ஆம் நாள் கண் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இரத்தக்குழாய் இன்னும் ஓரம் வரை வளரவில்லை, இரண்டு வாரம் கழித்துக் கூட்டி வாருங்கள்” என்று சீட்டில் தேதி போட்டுக் கொடுத்தார். இப்போது அக்கா எங்கள் வீட்டில் இருக்கிறாள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறான், விளக்கைப் பார்க்கிறான். அன்றைக்குக் கண்ணைப் பார்த்தபோது அவன் வீறிட்டு அழுததையும் கண் சிவந்து கிடந்ததையும் நினைத்து, இனிமேல் போக மாட்டேன் என்கிறாள் அக்கா. அவள் மாமியார் இது கிரகணக் கோளாறு என்கிறார். ஆக்சிஜன் அதிகமாக வைத்ததால்தான் கண்ணில் கோளாறு என்று யாரோ சொல்ல, மச்சான் ஆஸ்பத்திரி மேல் கோபமாக இருக்கிறார். சீட்டில் போட்ட தேதியில்தான் எங்களுக்கு நடவும் வைத்திருக்கிறது. போகத்தான் வேண்டுமா டாக்டரம்மா? நோய் இருந்தால் லேசர் வைப்பார்களாமே, இவ்வளவு சின்ன உயிர் தாங்குமா?

பதில்:

தம்பி, போகத்தான் வேண்டும். அதே தேதியில். மற்றதெல்லாம் அப்புறம் சொல்கிறேன், இதை முதலில் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள்.

நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, ஆள் கிடைப்பது இப்போது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். நானும் இந்தப் பக்கத்துப் பெண்தான். ஆனால் நாற்று ஒரு நாள் பொறுக்கும். உங்கள் மருமகனின் கண்ணில் இந்த வாரம் நடப்பது பொறுக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

நம் கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. பார்வை உருவாகும் இடம் அதுதான். தாய் வயிற்றில் ஏறக்குறைய 16 வாரம் வரை அதில் இரத்தக்குழாயே கிடையாது. அதற்குப் பிறகு கண் நரம்பு உள்ளே நுழையும் இடத்தில் தொடங்கி, நாலா பக்கமும் ஓரத்தை நோக்கி மெல்ல மெல்ல வளர்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து உங்கள் ஊர் வாய்க்காலுக்கு வந்து சேருவது போலத்தான். மூக்குப் பக்கத்து ஓரம் கிட்டத்தில் இருக்கிறது, அங்கே 36 வாரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். காதுப் பக்கத்து ஓரம்தான் கடைமடை. அங்கே இரத்தம் போய்ச் சேர 40 வாரம், அதாவது முழு மாதம் ஆகும். உங்கள் மருமகன் 30 வாரத்தில் பிறந்துவிட்டான். வாய்க்கால் பாதி வெட்டியபடி நிற்கிறது.

வயிற்றுக்குள் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு. அந்தக் குறைச்சல்தான் குழாய்களை வளரத் தூண்டுகிறது. வெளியே வந்ததும் ஆக்சிஜன் திடீரென்று கூடுகிறது. நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றே அந்தக் குழந்தைக்கு அதிகம்தான். தேவை தீர்ந்துவிட்டது என்று நினைத்து இரத்தக்குழாய்கள் வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் விழித்திரை நிற்பதில்லை, அது பாட்டுக்கு வளர்கிறது. சில வாரம் போனதும் ஓரத்து விழித்திரைக்கு உணவும் ஆக்சிஜனும் போதாமல் போய், வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரந்து “இரத்தம் அனுப்பு, இரத்தம் அனுப்பு” என்று கேட்க ஆரம்பிக்கிறது. அளவாகச் சுரந்தால் குழாய்கள் ஒழுங்காக மறுபடி வளர்ந்து ஓரம் போய்ச் சேர்ந்துவிடும். நிறையக் குழந்தைகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. அளவு மிஞ்சினால் கரை உடைத்துக்கொண்ட மாதிரி, புதுக் குழாய்கள் தாறுமாறாகக் கிளம்பி விழித்திரையை விட்டு விழியின் நடுப்பகுதிக்குள் வளர்கின்றன. இவை பலமில்லாத குழாய்கள். கசியும், தழும்பாகும், தழும்பு சுருங்கும்போது விழித்திரையையும் சுவரிலிருந்து பெயர்த்து இழுத்துவிடும். இதற்குத்தான் ஆர்.ஓ.பி. என்று பெயர். குறைமாதக் குழந்தை விழித்திரை நோய் என்று சீட்டில் எழுதியிருப்பார்கள்.

இந்த உடைப்பு எப்போது எடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. பிறந்த தேதியை விட்டுவிடுங்கள், அக்காவின் கர்ப்பக் கணக்கையே தொடர்ந்து எண்ணுங்கள். நோய் முற்றுவது பெரும்பாலும் 34ஆம் வாரத்துக்கும் 38ஆம் வாரத்துக்கும் நடுவில். முதல் முறை பார்த்த அன்று உங்கள் மருமகனுக்கு 30-ம் 4-ம் கூட்டி 34 வாரம். சீட்டில் உள்ள தேதியில் 36 வாரம். இந்தக் கணக்கை வைத்துத்தான் அந்த டாக்டர் தேதி போட்டிருக்கிறார். “வசதிப்பட்டபோது வாருங்கள்” என்று அவர் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

விளக்கைப் பார்க்கிறான் என்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. நோய் தொடங்குவது பெரும்பாலும் விழித்திரையின் ஓரத்தில், நடுப்பகுதி அப்போதும் நன்றாகவே இருக்கும். இந்த நோயை ஐந்து கட்டமாகப் பிரிப்போம், அதில் மூன்றாம் கட்டத்துக்குப் போன குழந்தையும் விளக்கைப் பார்க்கும், பால் குடிக்கும், தூக்கத்தில் சிரிக்கும். கண்ணில் பீளை வராது, சிவக்காது, வலிக்காது. பெற்றவளால் கண்டுபிடிக்க முடியாது. டார்ச் அடித்துப் பார்த்தால் எனக்கும் தெரியாது. கண்ணின் கருமணியை மருந்து விட்டு விரியவைத்து, தலையில் மாட்டிய விளக்கோடும் கையில் பிடித்த லென்சோடும் உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

வெளியே தெரியும் நிலை என்று ஒன்று உண்டு. அதை நான் பார்த்திருக்கிறேன். பல வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதம், அறுவடை முடிந்த கையோடு ஒரு தாயும் பாட்டியும் ஐந்து மாதப் பெண் குழந்தையைத் தூக்கி வந்தார்கள். கண்ணின் கருமணி இரண்டும் வெள்ளையாக இருந்தன. போட்டோவில் பளிச்சென்று தெரிந்தது என்றார்கள். பழைய காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பாட்டி மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். ரேஷன் கார்டு நகலுக்கும் தடுப்பூசி அட்டைக்கும் நடுவில் நாலாக மடித்து ஒரு சீட்டு. மடிப்பில்கூடக் கிழியவில்லை. “கண் பரிசோதனைக்கு வரவும்” என்று எழுதி, தேதி போட்டு, தேதிக்கு அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார்கள். நாலு மாதத்துக்கு முந்தைய தேதி. “கண்ணுதான் நல்லா இருக்கேன்னு விட்டுட்டோம்மா” என்றார் அந்தத் தாய். இரண்டு கண்ணிலும் விழித்திரை முழுவதுமாகப் பெயர்ந்து சுருண்டிருந்தது. அது ஐந்தாம் கட்டம். அந்தக் கட்டத்தில் அறுவை சிகிச்சை செய்தாலும், வெளிச்சம் எது இருட்டு எது என்று தெரிந்தாலே பெரிது. அந்தச் சீட்டை அவர்கள் தொலைக்கவே இல்லை, தம்பி. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். உங்கள் கடிதத்தில் “சீட்டில் தேதி” என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்கு அந்த மஞ்சள் பைதான் ஞாபகம் வந்தது.

சரி, மச்சானின் கோபத்துக்கு வருவோம். ஆக்சிஜனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு, அதை நான் மறைக்கவில்லை. 1942-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் டெர்ரி என்ற கண் மருத்துவர்தான் இந்த நோயை முதலில் எழுதிவைத்தார். ஆக்சிஜன் காரணமாக இருக்கலாம் என்று 1951-ல் சொன்னவர் மெல்போர்னில் இருந்த கேட் கேம்பெல் என்ற குழந்தை மருத்துவர். அந்தக் காலத்தில் குறைமாதக் குழந்தை என்றாலே அளவில்லாமல் ஆக்சிஜனைத் திறந்துவிட்டார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் 1950-ல் குறைமாதத்தில் பிறந்து பார்வை இழந்தவர், அவருக்கு இந்த நோய்தான். விஷயம் தெரிந்ததும் பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தார்கள். கண் பிழைத்தது, ஆனால் மூச்சுக் கிடைக்காமல் குழந்தைகள் செத்துப்போனார்கள், பிழைத்த சிலருக்கு மூளை பாதித்தது. ஆக, கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அக்காவைக் கேட்டுப் பாருங்கள், பெட்டிக்குள் குழந்தையின் பாதத்தில் சிவப்பாக வெளிச்சம் தெரியும் ஒரு பட்டையைச் சுற்றியிருப்பார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று நொடிக்கு நொடி அளக்கும் கருவி அது. ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தைக்கு அந்த எண் 90-லிருந்து 95-க்குள் நிற்கும்படி நர்சுகள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்படி அளந்து கொடுத்தாலும் இந்த நோய் வரும். சீக்கிரமே பிறந்ததுதான் மூல காரணம். எடைக் குறைவு, இரத்தத்தில் கிருமித் தொற்று, மூச்சு நின்று நின்று வருவது, இரத்தம் ஏற்றியது, பிறந்தபிறகு எடை சரியாக ஏறாதது எல்லாம் அதோடு சேர்ந்துகொள்கின்றன. அந்தப் பத்து நாள் ஆக்சிஜன் இல்லாவிட்டால், கண்ணைப் பற்றி இன்று நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

மச்சானுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 1996-ல் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தை இந்த நோயால் பார்வை இழந்தது. பெற்றோர் பல வருடம் வழக்காடி, 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னது. கண்ணைப் பரிசோதிக்கவில்லை, பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை என்பதுதான் அங்கே நடந்த தவறு. உங்கள் மருமகனை சரியான நாளில் பார்த்திருக்கிறார்கள், அடுத்த தேதியும் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்துவிட்டார்கள்.

அக்காவின் மாமியாரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள், கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அக்கா எப்போதோ வாசலில் நின்றதற்காக அவள் மேல் பழி போட வேண்டாம். குழந்தையைப் பெட்டியில் விட்டுவிட்டு வெளியே வராந்தாவில் படுத்துக் கிடந்தவள் அவள். நீல விளக்கும் காரணம் இல்லை. அது மஞ்சள்காமாலைக்கு வைப்பது, கண்ணை மூடிவிட்டுத்தான் வைப்பார்கள். கண்ணில் விழும் வெளிச்சத்தைக் குறைத்தால் இந்த நோய் குறையுமா என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்துவிட்டார்கள், குறையவில்லை என்று 1998-ல் முடிவு வந்துவிட்டது. அப்புறம், கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சுவது, விளக்கெண்ணெய் விடுவது, மை இடுவது எதுவும் வேண்டாம். தாய்ப்பால் வயிற்றுக்குப் போகட்டும். தாய்ப்பால் குடித்து எடை ஏறுகிற குழந்தைக்கு இந்த நோய் முற்றும் ஆபத்து குறைவு.

அழுததைப் பற்றி அக்கா சொல்வது நியாயம்தான். பார்க்கிறவர்களுக்கு மனசு பதைக்கும். இமைகளைச் சின்னக் கம்பியால் விலக்கிப் பிடித்து, விழியை ஓரத்தில் லேசாக அழுத்தித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மரத்துப்போகும் சொட்டு விட்டுத்தான் செய்வோம். ஆனாலும் கையைக் காலை அசைக்க விடாமல் துணியில் சுற்றிப் பிடிப்பதும், கண்ணில் வெளிச்சம் அடிப்பதும் குழந்தைக்குப் பிடிக்காது, கத்தத்தான் செய்யும். ஒரு கண்ணுக்குச் சில நிமிடம். அதன் பிறகு தெரியும் சிவப்பும் இமை வீக்கமும் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். பார்வைக்கு ஒரு கெடுதலும் இல்லை. அக்காவால் உள்ளே நின்று பார்க்க முடியாது என்றால் வெளியே உட்காரட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். பரிசோதனைக்கு முன் சர்க்கரைத் தண்ணீரோ பீய்ச்சிய பாலோ ஓரிரு சொட்டு நாக்கில் வைத்தால் வலி குறைவாக உணரும். இதை நீங்களாகச் செய்யாதீர்கள், நர்சிடம் கேளுங்கள், அவர்களே வைப்பார்கள்.

போகும்போது குழந்தையைத் தனியாகக் கையில் ஏந்திப் போவதைவிட, அக்காவின் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்ட வைத்து, மேலே புடவையால் சுற்றி, தலைக்குக் குல்லாயும் காலுக்கு உறையும் போட்டுக் கொண்டுபோங்கள். கங்காரு முறை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்களே, அதுதான். உங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் கிட்டத்தில் இல்லை. பைக்கில் வேண்டவே வேண்டாம். 102 தாய் சேய் வாகனம் கிடைக்குமா என்று உங்கள் கிராம சுகாதார நர்சிடம் இன்றைக்கே கேளுங்கள். அவரால் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சொல்லவும் முடியும். பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள், வயிறு நிறைந்திருந்தால் அழும்போது எதிரெடுத்துப் புரையேறும். சொட்டு மருந்து விட்டு, கருமணி விரிய ஒரு மணி நேரம் வரை ஆகும். கன்னத்தில் வழியும் மருந்தைத் துடைத்துவிடுங்கள். திரும்பும்போது சில மணி நேரத்துக்கு வெயில் கூசும், முகத்தின் மேல் வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தை நீலம் பாரித்தாலோ மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உடனே அங்கேயே சொல்லுங்கள்.

“முப்பது கழியாமல் பச்சைக் குழந்தையை வாசல் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது” என்று நம் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. காற்றும் கூட்டமும் படாமல் காப்பாற்ற வந்த பழக்கம், நல்ல எண்ணம்தான். ஆனால் கண்ணை முதலில் பார்க்க வேண்டிய நாள் சரியாக அந்த முப்பதுக்குள்தான் வருகிறது. 34 வாரத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை, அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் நம் நாட்டில் 30 நாளைக்குள் முதல் பரிசோதனை முடிந்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும் 1,200 கிராமுக்குக் குறைந்தவர்களுக்கும் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவாக 1,500 கிராமுக்கு உட்பட்டவர்களையும் 30 வாரத்துக்குள் பிறந்தவர்களையும் பார்த்தால் போதும் என்கிறார்கள். இங்கே அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் நோய் முற்றுவதால் நம் வரம்பு அகலமாக இருக்கிறது. உங்கள் தெருவிலோ உறவிலோ இப்படி ஒரு குழந்தை இருந்தால், கண் பார்த்தாயிற்றா என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போது லேசர். முதலாவது, நோய் இருந்தாலே லேசர் என்று பயப்படாதீர்கள். ஒன்றாம் கட்டமும் இரண்டாம் கட்டமும் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வாரத்துக்கு ஒரு முறையோ இரு வாரத்துக்கு ஒரு முறையோ பார்த்துக்கொண்டே வருவோம், அவ்வளவுதான். குழாய்கள் தடித்துப் பாம்புபோல நெளிய ஆரம்பித்தால்தான் எங்களுக்குக் கவலை. அதை ‘பிளஸ்’ என்று எழுதுவோம். அந்தச் சொல் சீட்டில் வந்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் சிகிச்சை நடக்க வேண்டும். ஊருக்குப் போய்ப் பெரியவர்களைக் கலந்துகொண்டு வருகிறோம் என்று கிளம்பாதீர்கள். போனில் பேசிக்கொள்ளுங்கள், அங்கேயே தங்குங்கள்.

லேசரில் கத்தி இல்லை, தையல் இல்லை. இரத்தம் போய்ச் சேராத அந்தக் கடைமடை விழித்திரையில் பொட்டுப் பொட்டாக ஒளியால் சுடுவோம். நூற்றுக்கணக்கில், சில கண்ணுக்கு ஆயிரத்துக்கு மேலும் பொட்டுகள் விழும். இரத்தம் கேட்டுக் கூவும் இடம் அடங்கியதும் அந்தப் புரதம் சுரப்பது குறைந்து, தாறுமாறான குழாய்கள் ஒன்றிரண்டு வாரத்தில் வாடிவிடும். ஓரப் பார்வை கொஞ்சம் குறையும், நடுப் பார்வையைக் காப்பாற்றக் கொடுக்கும் விலை அது. இவ்வளவு சின்ன உயிர் தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்கும். 1,000 கிராம் குழந்தைகளுக்கும் செய்கிறோம். பக்கத்தில் குழந்தை மருத்துவர் நின்று மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருப்பார். நேரத்தில் செய்தால் பலன் நன்றாக இருக்கிறது. 2003-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், உரிய கட்டத்தில் சீக்கிரமே சிகிச்சை கொடுத்த கண்களில் சுமார் 9 சதவீதத்தில்தான் விழித்திரை கெட்டுப்போனது.

சிலருக்கு லேசருக்குப் பதில் பெவாசிசுமாப், ரனிபிசுமாப் போன்ற ஊசி மருந்தைக் கண்ணுக்குள் போடுவோம். அந்தப் புரதத்தை நேரடியாகக் கட்டிப்போடும் மருந்து. கண் நரம்பைச் சுற்றிய நடுப்பகுதியிலேயே நோய் இருந்தால் இது நல்ல வழி. சில நாளிலேயே அடங்கும். ஆனால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கழித்து மறுபடி கிளம்பலாம். ஊசி போட்ட குழந்தையை அதனால் இன்னும் நீண்ட காலம் விடாமல் பார்க்க வேண்டும். எது வேண்டும் என்பதை உள்ளே பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனசில் இருக்கும். மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் சேர்த்திருக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. சிகிச்சை தேவைப்பட்டால் அந்தப் பெயரைச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேளுங்கள்.

“இரத்தக்குழாய் ஓரம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது” என்று டாக்டர் வாயால் கேட்கும் வரை இந்த நடை முடியாது. இன்னும் இரண்டு மூன்று முறையோ நாலைந்து முறையோ போக வேண்டியிருக்கலாம். அது முடிந்த பிறகும் குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் மற்றவர்களைவிட அதிகம் வரும். ஒரு வயதுக்குள் ஒரு முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள். அங்கன்வாடிக்குப் போகும் வயதிலேயே கண்ணாடி தேவைப்பட்டால் வெட்கப்படாமல் போட்டுவிடுங்கள்.

இன்றைக்கே அந்தச் சீட்டைப் போனில் படம் பிடித்து மச்சானுக்கும் அனுப்பிவிடுங்கள், நாளைக்குக் காகிதம் எந்த வீட்டில் இருக்கிறது என்ற பேச்சு வராது. அக்கா மாமியார் வீட்டுக்குப் போவதாக இருந்தால் அங்கிருந்து எப்படிப் போவது என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்து முடித்ததும் டாக்டரிடம் எந்தக் கட்டம், பிளஸ் இருக்கிறதா, அடுத்து எந்தத் தேதி என்று கேட்டு வாருங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள், தம்பி. சீட்டில் எழுதியிருப்பது புரியாவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே பார்த்து எழுதி அனுப்புங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.